கரியபோளம் கலந்த அபின்

தம்பி,

வசந்தா கட்டுரைப் போட்டியில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்திருக்கிறாள். தன் மகளைப் பற்றி முதல் வரியில் எழுதாவிட்டால், பெற்றவள் என்றும் பார்க்காமல் உன் அக்கா என்னோடு பேசமாட்டாள். என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். வசந்தாவின் தம்பி குமார் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைந்துவிட்டான். நான் எந்த வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தேனோ, அந்த வகுப்பிலிருந்து என் பேரன் அரசாங்கப் பணத்தில் படிக்கப்போகிறான். சின்னது மல்லிகா யட்டவத்தைப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில், கரண்டியில் எலுமிச்சை வைத்து ஓடுகிற தேசிக்காய் ஓட்டத்தில் இரண்டாவது. முதலாவதாக வந்த பிள்ளை தேசிக்காயைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுகிற உத்தியோகத்தில் நீ இருப்பதால் நானும் இரண்டாவது என்றே எழுதுகிறேன். உன் தம்பிக்கு லக்கலயில் வாத்தியார் வேலை நிரந்தரமாகிவிட்டது. யானை வந்து பள்ளிக்கூடத்து வாழை முழுவதையும் தின்றுவிட்டுப் போனதாம், பிள்ளைகள் அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே அன்றைக்கு ஒருவர்கூடக் குறையாமல் வந்திருந்தார்களாம்.

கடைசியாக நீ. எல்கடுவ தபால்காரர் உன் உத்தியோகக் கடிதத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்து அப்பா நடக்கிற நடையே வேறு. பிரஜாவுரிமைத் தாளுக்காக எத்தனை வருடம் எத்தனை கந்தோர்ப் படி ஏறி இறங்கிய கால் அது, இப்போது கடைக்குச் சீனி வாங்கப் போனாலும் நேராகப் போய் வருவதில்லை. வழியில் நான்கு பேரை நிறுத்தி, "மகன் கொழும்புல. பொலிஸ் அனுப்புற சாமானை எல்லாம் சோதிச்சு, இது இன்னதுன்னு எழுதிக் குடுக்கிற வேலை" என்கிறார். நேற்று ஒரு கிழவி, "அப்ப எங்க வீட்டு மிளகாய்த் தூளையும் பாத்துத் தருவாராங்க?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா யோசித்துவிட்டு, "பொலிஸ் மூலமா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

உன் கடிதத்தை வசந்தா சத்தம்போட்டு வாசித்தாள். கஞ்சா என்று எழுதி ஒரு பொட்டலம் வந்தது, பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வேறு ஏதோ இலை, எங்களுக்குச் சிரிப்பு வந்தது என்று எழுதியிருந்தாய். இப்படிக் கலந்தவனைச் சட்டம் என்ன செய்யும் என்று தெரியவில்லை, எங்கள் வேலை எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், தம்பி. நீ என் இடுப்பில் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தபோதே மாத்தளைக் கோர்ட்டில் படித்துக்கொண்டேன். உன் தாத்தா கோர்ட்டையே சிரிக்க வைத்த கதையை நீங்கள் எல்லோரும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கதையின் முன்பாதியை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முன்பாதியில் இருப்பது நான். பின்பாதியிலும் ஒரு சின்னத் துண்டு என்னிடமே நின்றுவிட்டது. நீ சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணப்போகிற ஆள் என்பதால் இரண்டையும் இப்போது எழுதுகிறேன்.

உன் தாத்தா, அதாவது என் மாமா, தோட்டத்துக் கங்காணி வேலையை விட்ட பிறகும் அபினை விடவில்லை. முழங்கால் வலிக்கு என்று வாலிபத்தில் தொடங்கியது. காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று, மிளகு அளவில் உருட்டித் தேத்தண்ணியோடு போட்டுக்கொள்வார். லைசென்சும் இல்லை, ஒன்றும் இல்லை. மாத்தளை பஜாரில் ஒருவனிடம் வாங்கி, பூவரச இலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருவார். கை நடுக்கம் வந்த பிறகு, வெள்ளிக்கிழமை தோறும் அந்த உருண்டையை என்னிடம் தருவார். நான் உள்ளங்கையில் எண்ணெய் தடவிப் பிசைந்து, அந்த வாரத்துக்கு வேண்டிய பதினான்கு மிளகை உருட்டிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பி இலையில் சுற்றுவேன். மாமியார் இல்லாத வீட்டில் மருமகளுக்கு வந்து சேர்ந்த வேலைகளில் அதுவும் ஒன்று.

மாமாவின் உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. நான்கு நாள் ஐந்து நாள் வெளிக்குப் போகமாட்டார், சாப்பாடு இறங்காது. தோட்டத்து மருந்துக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதைச் சட்டுனு நிப்பாட்டினா ஆள் தாங்கமாட்டாரு. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும்" என்றார். குறைக்கச் சொன்னால் மாமா கேட்பாரா? ஒரு மிளகு சின்னதாகத் தெரிந்தாலே, "என்னா புள்ள, மிளகு கேட்டா கடுகு தர்ற?" என்று திருப்பித் தருகிற ஆள். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் வாங்கினேன். கற்றாழையின் பாலைக் காய்ச்சி இறுக வைத்த கட்டிதான் அது. பச்சைப் பிள்ளைக்காரி உள்ள வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? கறுப்பும் அதே கறுப்பு, கசப்பும் ஏறக்குறைய அதே கசப்பு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உருண்டையிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு அபினைக் கிள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கரியபோளத்தைப் பிசைந்து சேர்த்தேன். கிள்ளியது, உருட்டிக் கொடுத்தது இரண்டையும்விடக் கொஞ்சம் கூடவே சேர்த்தேன். உருண்டை குறைந்தது தெரிந்தால் மாமா புதிதாக வாங்கப் போய்விடுவார் என்று பயம். இந்தக் 'கொஞ்சம் கூட' தான் நான் செய்த பிழை. அப்போது அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

கரியபோளம் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மூன்றாம் வாரமே மாமா விடியற்காலையில் செம்பைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். முகத்தில் ஒரு தெளிவு. இரண்டு கோப்பை கஞ்சி கேட்டார். பக்கத்துக் காம்பறா வீட்டுக் கிழவர்களிடம், "இந்தத் தடவை வந்திருக்கிற சரக்கு மாதிரி நான் என் வயசுல பாத்ததில்ல. அசல்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அடுப்பைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தேன். சிரித்தால் மாட்டிக்கொள்வேன்.

ஒன்பதாவது வாரம் எக்சைஸ்காரர்கள் வந்தார்கள். பஜாரில் விற்றவனைப் பிடித்து, அவன் வாயிலிருந்து வாங்கியவர்கள் பெயரை எல்லாம் எடுத்திருக்கிறார்கள். நேராக வந்து உறியிலிருந்த உருண்டையை எடுத்தார்கள். நான் கூட்டிக் கூட்டி அது ஒரு பெரிய தேசிக்காய் அளவுக்கு வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவா? இது யாருது?" என்று கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முன்னால் வந்து, "என்னோடதுங்க" என்று சொல்லிவிட்டார். கிழவனை ஜீப்பில் ஏற்றுவதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அபினின் வாசம்கூடத் தெரியாத மனுசன்.

உன் அப்பா அப்போது தோட்டத்து ஸ்டோர் கிளாக்கர். கூலிக்காரர் காம்பறாவில் பிறந்து ஸ்டோர்ச் சாவிக் கொத்து வரைக்கும் வந்த ஆள் அந்தத் தோட்டத்திலேயே அவர் ஒருவர்தான். பெரிய துரை அவரைக் கூப்பிட்டு, கேஸ் முடியும்வரை சாவியைக் கொடு, குற்றம் என்று தீர்ந்தால் அன்றைக்கே பத்துச்சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு என்றால் தோட்டத்திலிருந்து பேரை வெட்டி அனுப்புவது. உன் அக்காவுக்குப் பத்து வயது, நீ கைப்பிள்ளை, மாமா தடியூன்றி நடக்கிற கிழவர். எங்கே போவோம்?

மாத்தளையில் கேஸ் பேசுகிற புரொக்டர் ஐயாவிடம் அப்பாவும் நானும் போனோம். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார். "இதுல கலப்படம் ஏதாவது இருக்குமா? பஜார்ல விக்கிறவனுங்க பாதிப் பேர் கள்ளனுங்க. உருண்டையைக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. உள்ள அபினே இல்லைன்னு தாள் வந்தா கேஸே இல்ல. வித்தவன்மேல வேணும்னா ஏமாத்தின கேஸ் போடலாம்."

நான் குறுக்கே கேட்டேன். "கொஞ்சம் அபின் இருந்து, மிச்சம் வேற சாமானா இருந்தாங்க?"

"ஒரு பொட்டு இருந்தாலும் அபின் கேஸ்தான்மா. நிறுக்கிறப்ப மொத்தத்தையும் சேத்துத்தான் நிறுத்து எழுதியிருக்காங்க. தண்ணி ஊத்தின பாலையும் நாம பால்னுதானே போத்தல் கணக்குல வாங்குறோம்?"

"கலந்திருக்குன்னு தெரிஞ்சா தண்டனை கொறையாதுங்களா?"

"எவ்வளவு கலப்புன்னு தாள்ல வந்தா நீதவான் யோசிக்கலாம். ஆனா இன்னொண்ணும் இருக்கு." புரொக்டர் ஐயா எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார். "திங்கிறவன் தன் சாமானைத் தானே கெடுத்துக்க மாட்டான். விக்கிறவன்தான் கலப்பான். இவ்வளவு பெரிய உருண்டை, அதுவும் கலந்தது, ஸ்டோர் கிளாக்கர் வீட்டுல. இவர் தோட்டத்து ஆளுங்களுக்கு விக்கிறாருன்னு எக்சைஸ்காரன் சொல்லுவான். அதனால கலப்படம் இல்லாம இருந்தா நல்லது. இல்லைன்னா முழுசும் கலப்படமா இருக்கணும்."

இரண்டுக்கும் நடுவில் இருக்கக்கூடாது என்றார். நான் ஒன்பது வாரமாக நடுவில் கொண்டுபோய்த்தான் வைத்திருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். "நீ ஒண்ணும் பேசாத. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்படியே விட்டுவிட்டேன். சொன்னால் மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்று. இன்னொன்று, கிள்ளி எடுத்த அபின். அதை நான் எறியவில்லை, தம்பி. விலை கொடுத்து வாங்கிய சாமானை எறிய எனக்குக் கை வராது, உனக்குத் தெரியும். ஒரு பழைய தைல டின்னில் போட்டு, உப்புப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். எக்சைஸ்காரர்கள் கெட்டதை எடுத்துக்கொண்டு, நல்லதை என் அடுப்படியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கோர்ட்டு நாள் வந்தது. மாமாவைப் பின்வரிசை வாங்குப் பலகையில் உட்கார வைத்து, "வாயைத் தெறக்கக் கூடாதுங்க" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கூண்டில் ஏறினார். அது சொந்தமாகத் தின்பதற்கு வைத்திருந்தது என்பதுதான் அப்பாவின் பக்கம். எக்சைஸ் இன்ஸ்பெக்டர் எழுந்து, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"மூணு வேளைங்க. சோத்துக்குப் பெறகு."

"எவ்வளவு?"

அப்பா கொஞ்சம் யோசித்து, "ஒரு தேக்கரண்டிங்க" என்றார்.

நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவு தின்றால் மூன்றாம் வேளைக்கு ஆள் இருக்கமாட்டான் என்று அவர் சொன்னதைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் மாற்றிச் சொன்னபோது, பின்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தின்கிற ஆள் இல்லை என்றால் விற்கிற ஆள் என்று ஆகிவிடும்.

பிறகு கொழும்பிலிருந்து வந்த தாளை வாசித்தார்கள். உருண்டையில் அபின் உண்டு. ஆனால் மிகக் குறைவு, இத்தனையில் இத்தனை பங்குதான். மிச்சம் முழுவதும் கரியபோளம். கொழும்பில் இருக்கிற, என்னைக் கண்ணால் கண்டிராத ஒருவர் என் அடுப்படிக்குள் வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் உடனே எழுந்தார். இப்படிக் கலப்பது வியாபாரிகளின் வேலை, இந்த ஆள் வாங்கிக் கலந்து தோட்டத்துச் சனங்களுக்கு விற்றிருக்கிறார் என்றார். நீதவான் அப்பாவைப் பார்த்தார். அப்பா கரியபோளத்தையா கண்டார்? முழித்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நீ இடுப்பில். "சாமி, கலந்தது நான்தாங்க" என்றேன்.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். மருந்துக்காரர் சொன்னது, வெள்ளிக்கிழமை, சுண்டைக்காய், கூடச் சேர்த்தது எல்லாம் சொன்னேன். எவ்வளவு அபின் மிஞ்சியிருக்கும் என்று நீதவான் கேட்டார். வாரக் கணக்கை விரல் மடக்கிச் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, தம்பி. கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது.

அப்போதுதான் பின் வாங்கிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு மாமா எழுந்தார். "கரியபோளமா? என் உருண்டையிலயா?"

புரொக்டர் ஐயா திரும்பி, "பெரியவரே, உக்காருங்க" என்றார்.

"உக்கார முடியாதுங்க. அது என் உருண்டை. இவன் என் மகன், பச்சத் தண்ணிய மோந்தாலே தும்முற பய. அபினைப் பத்தி இவனுக்கு என்னாங்க தெரியும்?" என்று நீதவானைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "ஏம் புள்ள. ஒம்பது வாரமா எனக்குக் காலையில நேரம் தப்பாமப் போச்சே, அது இதனாலயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க மாமா" என்றேன்.

"நான் சரக்கு அசல்னு ஊரெல்லாம் சொன்னேனே" என்றார். முதலியார் இதை மொழிபெயர்க்க முயன்று பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா எழுந்த இடத்திலிருந்துதான் உங்களுக்குக் கதை தெரியும். அப்பாவை விடுதலை பண்ணினார்கள். அபின் தன்னுடையதுதான் என்று மாமா குற்றத்தை ஒப்புக்கொண்டார். வயதையும், உருண்டைக்குள் இருந்த கொஞ்ச அபினையும் பார்த்து நீதவான் எச்சரித்து அனுப்பினார். ஒரு பொட்டு இருந்ததால் குற்றம் குற்றம்தான், ஒரு பொட்டுதான் இருந்தது என்பதால் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் சாவிக் கொத்து அப்பா இடுப்புக்குத் திரும்பியது. மாமா அபினை விட்டார். கரியபோளத்தை விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவரே கேட்டு உருட்டி வாங்கிக்கொண்டு, இன்னும் ஒன்பது வருடம் இருந்தார்.

இனி என்னிடம் நின்றுவிட்ட துண்டு. என்னைக் கூண்டிலிருந்து இறக்குவதற்கு முன்னால் நீதவான், "கிள்ளி எடுத்ததை என்ன செய்தாய்?" என்று கேட்டார். டின் உப்புப் பானைக்குப் பின்னால் இருந்தது. "அடுப்புல போட்டுட்டேங்க" என்றேன். உள்ளதைச் சொல்லி அப்பாவைக் காப்பாற்றிய அதே வாயால், அதே சத்தியத்தின் மேல் நின்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டின்னைக் கவிழ்த்து எல்லாவற்றையும் அடுப்பில் கொட்டினேன். சொன்னதை மெய்யாக்குகிறேனாம். புகை எழும்பிக் காம்பறா முழுவதும் சுற்றியது. மாமா மெல்ல நடந்து வந்து அடுப்புப் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, "என்னா புள்ள சமைக்கிற இன்னைக்கு" என்றார். ஒன்றுமில்லைங்க மாமா என்றேன். "ஒண்ணுமில்லாததை நாளைக்கும் செய்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே இருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து முதல் தடவையாக நேற்று அப்பாவிடம் சொன்னேன். வானொலியைக் குறைத்துவிட்டு, "அதுதான் அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்துச்சா?" என்றார்.

தம்பி, நீ சிரித்த அந்தப் பொட்டலத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதில் கலந்தவன் அநேகமாகக் கள்ளனாகத்தான் இருப்பான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நம் உருண்டையைச் சோதித்தவர் 'அபின் உண்டு' என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்து போயிருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும், அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கூண்டில் ஏறிக் கரியபோளம் என்று கத்தினாலும், புருசனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றிருப்பார்கள். அந்த மனுசர் உட்கார்ந்து, மிச்சம் என்ன, அது எத்தனை பங்கு என்றும் பார்த்து எழுதினார். நான் வாயால் சொன்னதும் அவர் தாளில் எழுதியதும் ஒத்துப்போனதால்தான் உன் அப்பா அன்றைக்கு எங்களோடு பஸ் ஏறினார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவருடைய மேசையில் இப்போது நீ உட்கார்ந்திருக்கிறாய். பிடித்தது என்ன என்று கேட்டு அனுப்பினாலும், கலந்தது என்ன என்பதையும் எழுது. யாருடைய அடுப்படி அது என்று உனக்குத் தெரியாது. கூண்டில் ஏறி நிற்கும்போது, அம்மா கடைசிக் கேள்விக்குச் சொன்ன மாதிரி மட்டும் சொல்லாதே.

கேஸ் முடிந்த அன்றே மாமா பிடிவாதம் பிடித்து, எங்களை எல்லாம் மாத்தளை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனார். சுவரில் தொங்குகிற அந்தப் படம் தெரியுமல்லவா? அப்பா விடுதலையான ஆள் மாதிரியே இல்லாமல் முழித்துக்கொண்டு நிற்கிறார், மாமா சிரிக்கிறார், என் இடுப்பில் நீ அசைந்துவிட்டதால் உன் முகம் மட்டும் வெறும் வெள்ளைப் புகை. அதற்குப் பக்கத்தில் அப்பா நேற்று ஓர் ஆணி அடித்துவிட்டார். உன் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நீ சாமான் நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் நின்று, புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. இந்தத் தடவை அசையாமல் நில்.

அம்மா